லூட்ஸன் 1632: அரசர் விழுந்த பிறகு போரைக் காத்தது யார்?

மலைக்கோட்டையான் எழுதியது:

ஜெர்மனியில் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் லூட்ஸனை ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்: ஸ்வீடன் அரசர் குஸ்தாவ் அடோல்ஃப் வென்று மடிந்த போர். இந்த வரியை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அவர் மடிந்தது உண்மை. வென்றது அவரல்ல. அவர் உயிர் பிரிந்தபோது பிற்பகல் ஒரு மணி இருக்கும். அந்த நேரத்தில் ஸ்வீடன் படையின் நடுப்பகுதி நொறுங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு இருட்டும்வரை நடந்ததுதான் லூட்ஸன் போர் என்பது என் கட்சி. அந்த மணி நேரங்களின் நாயகர், வரலாற்று நூல்களில் ஓரமாக வந்துபோகும் ஸ்வீடன் படைத் தளபதி தோதோ க்னிப்ஹவுசன்.

முதலில் பின்னணி. 1632 செப்டம்பரில் நியூரம்பெர்க் அருகே ஆல்டெ வெஸ்டே மேட்டில், கத்தோலிக்கரான புனித ரோமப் பேரரசரின் தளபதி வாலன்ஸ்டைனின் அரண்களைத் தகர்க்க முடியாமல் ஸ்வீடன் படை பின்வாங்கியது. அந்தக் கோடை முழுக்க இரண்டு முகாம்களிலும் பசியும் காய்ச்சலும் ஆட்களை அள்ளிக்கொண்டு போயிருந்தன. பிறகு வாலன்ஸ்டைன் வடக்கே சாக்ஸனிக்குள் புகுந்து லைப்சிக்கைக் கைப்பற்றினார். சாக்ஸனி கை நழுவினால் பால்டிக் கடலோரத்துக்கும் ஸ்வீடனுக்கும் உள்ள வழி துண்டிக்கப்பட்டுவிடும். ஆகவே அரசரும் பின்தொடர்ந்தார். நவம்பர் பாதி வந்துவிட்டது, இனி இந்த ஆண்டு சண்டை இல்லை என்று நினைத்த வாலன்ஸ்டைன், படையைக் குளிர்கால முகாம்களுக்குப் பிரித்து அனுப்பத் தொடங்கினார். தன் சிறந்த குதிரைப்படைத் தளபதி பாப்பன்ஹைமை ஹல்லே நகருக்கு அனுப்பிவிட்டார். அந்தச் செய்தி கிடைத்ததும் அரசர் பாய்ந்தார்.

நவம்பர் 15 அன்றே மோதியிருந்தால் வாலன்ஸ்டைன் கதை முடிந்திருக்கும். ரிப்பாக் என்ற சிற்றோடையின் கரையில் பேரரசுப் படையின் ஒரு சிறு பிரிவு ஸ்வீடன்காரர்களை மணிக்கணக்கில் தடுத்து நிறுத்தியது. பொழுது சாய்ந்துவிட்டது. அந்த இரவில் வாலன்ஸ்டைன் லைப்சிக் சாலையின் இருபுறப் பள்ளங்களை ஆழப்படுத்தி, அவற்றில் மஸ்கட் துப்பாக்கி வீரர்களை இறக்கினார். தன் வலது பக்கத்தில் லூட்ஸன் ஊருக்கு அருகே இருந்த காற்றாலை மேட்டில் பீரங்கிகளை ஏற்றினார். பாப்பன்ஹைமுக்கு அவசரக் கடிதம் பறந்தது: எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஆள், பீரங்கி அனைத்தோடும் வந்து சேர வேண்டும்.

காலையில் மூடுபனி. பதினொரு மணியளவில்தான் சண்டை சூடு பிடித்தது. அரசர் வலது பக்கம், ஸ்வீடனோடு சேர்ந்திருந்த ஜெர்மன் பிரபு, 28 வயதான வைமார் பெர்ன்ஹார்ட் இடது பக்கம், இரண்டாம் வரிசைக்கு க்னிப்ஹவுசன். நண்பகலில் பாப்பன்ஹைம் குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார், வந்த வேகத்திலேயே குண்டடிபட்டு வீழ்ந்தார். நடுவே ஸ்வீடனின் மஞ்சள், நீலப் படைப்பிரிவுகள் சாலைப் பள்ளத்தைத் தாண்டிப் போய், எதிர்த்தாக்குதலில் சிக்கிப் பாதிக்கும் மேல் அழிந்தன. அவர்களைக் காக்க ஸ்மோலாந்து குதிரைவீரர்களோடு விரைந்த அரசர், பனியும் வெடிமருந்துப் புகையும் கலந்த இருட்டில் தன் ஆட்களை விட்டு விலகிப் போய், எதிரிக் குதிரைவீரர்கள் நடுவே மாட்டிக்கொண்டார். இடது கையில் குண்டு, முதுகில் குண்டு, கடைசியாகத் தலையில். ஆளில்லாமல் ஓடி வந்த அவர் குதிரைதான் படைக்குச் சேதி சொன்னது.

இந்தச் சேதிக்குப் பிறகு ஒரு படை ஓடாமல் நின்றதென்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தின் பெயர் க்னிப்ஹவுசன் என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.


ஆடிப்பெருக்கு எழுதியது:

அருமையான தொடக்கம் அண்ணா. ஒரு சந்தேகம். நீங்கள் நவம்பர் 15 முந்தைய நாள் என்கிறீர்கள், அப்படியானால் போர் 16. ஆனால் ஸ்வீடனில் நவம்பர் 6 அன்று அல்லவா நினைவு நாள் கொண்டாடுகிறார்கள்?


மலைக்கோட்டையான் எழுதியது:

இரண்டும் ஒரே நாள்தான் தங்கையே. போப் கிரெகொரி 1582இல் திருத்திய நாட்காட்டியைக் கத்தோலிக்க நாடுகள் ஏற்றுக்கொண்டன. புராட்டஸ்டண்ட் நாடுகள் போப் சொன்னதை எப்படி ஏற்பது என்று பழையதையே வைத்துக்கொண்டன. 17ஆம் நூற்றாண்டில் இடைவெளி பத்து நாள். ஸ்வீடன் முழுமையாக மாறியது 1753இல். நான் இந்த இழையில் புதிய கணக்கையே பயன்படுத்துகிறேன்.


கருவூலம் எழுதியது:

மலைக்கோட்டையாரே, மறுக்க வந்திருக்கிறேன். உங்கள் கேள்வியே ஸ்வீடன் வென்றது என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. எந்தக் கணக்கில் வெற்றி?

காலையில் வாலன்ஸ்டைனிடம் இருந்தது பன்னிரண்டு, பதின்மூன்றாயிரம் பேர். எதிரே ஏறக்குறைய 19,000. அவரோ கீல்வாதத்தால் பல்லக்கில் தூக்கிச் செல்லப்படும் நிலையில் இருந்த மனிதர், அன்று வலியைப் பொறுத்துக்கொண்டு குதிரையேறினார். இடது பக்கத்தில் ஆள் போதவில்லை. பாப்பன்ஹைமின் குதிரைப்படை வந்து சில நிமிடங்களிலேயே தலைவனை இழந்து, அதில் ஒரு பகுதி களத்தை விட்டே ஓடிவிட்டது. இத்தனையும் நடந்த பிறகும் எதிரியின் அரசரைக் கொன்று, எதிரியின் தேர்ந்த காலாட்படையைச் சிதைத்து, தன்னைவிட எதிரிக்கே அதிக உயிரிழப்பை ஏற்படுத்தினார். இருட்டிய பின் பாப்பன்ஹைமின் காலாட்படையும் வந்து சேர்ந்துவிட்டது. சண்டையைத் தொடரக்கூடிய புதிய ஆட்கள் அவர் கையில் இருந்தார்கள். வாலன்ஸ்டைன் பின்வாங்கியது அவர் எடுத்த முடிவு. அவரை யாரும் அடித்து விரட்டவில்லை.

பிரைட்டன்ஃபெல்டில் 1631இல் நடந்ததுதான் வெற்றி. பேரரசுத் தளபதி டில்லியின் படை கலைந்து ஓடியது, பீரங்கி முழுக்கப் பறிபோனது, தென் ஜெர்மனியே திறந்துகொண்டது. லூட்ஸனுக்குப் பிறகு என்ன திறந்தது?


மலைக்கோட்டையான் எழுதியது:

கருவூலம் ஐயா, பின்வாங்கியது அவர் முடிவு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த முடிவுக்கு அவரைத் தள்ளியது எது? காற்றாலை மேட்டுப் பீரங்கிகள் பறிபோனதுதான். இழுத்துச் செல்லக் குதிரைகள் இல்லாமல் எஞ்சிய பீரங்கிகளையும் விட்டுவிட்டு இரவோடு இரவாக லைப்சிக் போய், அங்கும் நிற்காமல் பொஹீமியாவுக்குள் போய்விட்டார். சாக்ஸனியில் குளிர்காலத்தைக் கழித்து, அந்நாட்டு ஆட்சியாளர் யோஹான் கேயார்கை ஸ்வீடனிடமிருந்து பிரிப்பதுதான் அவர் திட்டம். அந்தத் திட்டம் ஒரே பகலில் கலைந்தது. ஒரு படையெடுப்பு எதற்காகப் புறப்பட்டதோ அது கைகூடாவிட்டால் அதைத் தோல்வி என்றுதானே சொல்ல வேண்டும்?

என் மையமான கேள்விக்கு வருகிறேன். அரசர் இறந்த செய்தி பரவியபோது முதல் வரிசையில் பலர் திரும்பி ஓடத் தொடங்கினார்கள். அரசவைப் போதகர் ஃபாப்ரிசியுஸ் சிலரைச் சேர்த்துக்கொண்டு வேதாகமச் சங்கீதம் ஒன்றைப் பாடத் தொடங்க, ஓடியவர்கள் நின்று கூடினார்கள் என்ற செய்தி உண்டு. நல்லது. ஆனால் பாட்டைக் கேட்டு நிற்பவன் எங்கே போய்ச் சேர்வது? அவனுக்குப் பின்னால் குலையாத ஒரு வரிசை நிற்க வேண்டும். க்னிப்ஹவுசன் தன் இரண்டாம் வரிசையைச் சாலைக்குத் தெற்கே அசையாமல் நிறுத்தியிருந்தார். முன்வரிசை உடைந்தபோது உணர்ச்சிவசப்பட்டு ஒரே வீச்சில் அனைவரையும் உள்ளே தள்ளவில்லை. தேவைப்பட்ட இடத்துக்கு ஒரு பிரிவு, இன்னோர் இடத்துக்கு ஒரு பிரிவு என்று அளந்து அனுப்பினார். உடைந்த பிரிவுகள் அந்த வரிசைக்குப் பின்னால் போய் மூச்சுவிட்டு மறுபடி அணிவகுத்தன.

பிற்பகல் மூன்று மணிவாக்கில் பனி கொஞ்சம் விலகியபோது பெர்ன்ஹார்ட் சேதத்தை எண்ணி வந்தார். க்னிப்ஹவுசனின் அணி ஏறக்குறைய முழுமையாக நிற்பதைக் கண்டு வியந்தார். இந்த ஆட்களை வைத்துக்கொண்டு ஒழுங்காகப் பின்வாங்கலாம் என்று க்னிப்ஹவுசன் சொன்னதாகவும், பின்வாங்கல் என்ற பேச்சே இல்லை, பழிவாங்கலா வெற்றியா என்பதுதான் பேச்சு என்று பெர்ன்ஹார்ட் பதில் சொன்னதாகவும் ஒரு வழக்கு உண்டு. மேடைக்கு ஏற்ற வசனம் பெர்ன்ஹார்டுடையது. அந்த வசனத்தைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் க்னிப்ஹவுசன் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஆட்கள். அந்தி சாயும் நேரத்தில் காற்றாலை மேட்டைப் பிடித்தவர்கள் அவர்கள் இல்லாமல் பிடித்திருக்க முடியாது.


வடதுருவம் எழுதியது:

ஸ்டாக்ஹோமில் வசிப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க ஆசைப்படுகிறேன். அரசர் அன்று அணிந்திருந்த தோல் சட்டை இங்கே அரச ஆயுதக் காட்சியகத்தில் இருக்கிறது. காட்டுமான் இனத்தைச் சேர்ந்த எல்க் என்ற பெரிய விலங்கின் தோல். கிட்டப் போய்ப் பார்த்தால் இடது முழங்கைப் பக்கம் கிழிந்திருப்பதும் முதுகில் குண்டு துளைத்த ஓட்டையும் தெரியும். இரத்தக்கறை படிந்த உள்சட்டைகளும் உண்டு. ஸ்ட்ரைஃப் என்ற அவர் குதிரையின் தோலைப் பாடம் செய்து அங்கேயே நிறுத்தியிருக்கிறார்கள்.

அன்று அவர் இரும்புக் கவசம் அணியவில்லை. 1627இல் போலந்துக்காரர்களோடு டிர்ஷாவ் அருகே நடந்த சண்டையில் பாய்ந்த குண்டு கழுத்தோரத்திலேயே தங்கிவிட்டது, கவசத்தின் எடை அதில் அழுத்தி வலி தந்தது. கிட்டப்பார்வை வேறு. பனியில் எதிரிக் குதிரைகள் அருகே வந்ததை அவர் உணராததில் வியப்பில்லை.

சட்டையின் பயணமும் சொல்லத் தக்கது. இறந்த உடலிலிருந்து பேரரசுப் படையினர் உருவிக்கொண்டு போய் வியன்னாவில் வெற்றிச் சின்னமாகச் சேர்த்தார்கள். ஏறக்குறைய 300 ஆண்டு அங்கேயே இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் பட்டினியில் தவித்த ஆஸ்திரியாவுக்கு ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் செய்த உதவிக்கு நன்றியாக 1920இல் திருப்பிக் கொடுத்தார்கள். பாப்பன்ஹைமுக்குப் போன அந்த அவசரக் கடிதம் மட்டும் வியன்னாவின் இராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்னும் இருக்கிறது, அவருடைய இரத்தக்கறையோடு.

அரசரோடு கடைசியாக இருந்த பணியாள் லொய்பல்ஃபிங் என்ற பதினெட்டு வயதுப் பையன். படுகாயத்தோடு நாம்பர்க் கொண்டுபோகப்பட்டு, சில நாளில் இறப்பதற்கு முன் நடந்ததைச் சொன்னான். அவன் தந்தை எழுதிவைத்த அந்த வாக்குமூலம் இல்லையென்றால் அரசரின் இறுதி நிமிடங்களைப் பற்றி வதந்திகள் மட்டுமே மிஞ்சியிருக்கும். அருகில் சென்ற சாக்ஸ லவுவன்பர்க் ஃபிரான்ஸ் ஆல்பிரெக்ட் பிரபுதான் கொன்றார் என்று வெகுநாள் பேசித் திரிந்தார்கள். அது ஆதாரமற்ற பழி.


ஆடிப்பெருக்கு எழுதியது:

வடதுருவம் அண்ணா, அந்தப் பையனைப் பற்றி இன்றுதான் தெரிந்துகொண்டேன். மனம் கனக்கிறது.

எனக்கு இன்னொரு கேள்வி. இதை மதப் போர் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் சண்டை என்று. ஆனால் பிரான்சின் கார்டினல் ரிஷெலியூ ஸ்வீடனுக்குப் பணம் கொடுத்தார் என்றும் படித்தேன். கார்டினல் எப்படிப் புராட்டஸ்டண்ட் அரசருக்குப் பணம் கொடுப்பார்?


நெல்லைச்சீமை எழுதியது:

கொடுத்தார் அம்மா, கையெழுத்துப் போட்டே கொடுத்தார். 1631 ஜனவரி பெயர்வால்டே உடன்படிக்கை: ஆண்டுக்கு 400,000 தாலர், பதிலுக்கு ஸ்வீடன் 30,000 காலாட்களையும் 6,000 குதிரைவீரர்களையும் ஜெர்மனியில் வைத்திருக்க வேண்டும். பேரரசரின் ஹாப்ஸ்பர்க் குடும்பம் ஸ்பெயினிலும் ஜெர்மனியிலுமாக பிரான்சைச் சூழ்ந்திருந்தது. ரிஷெலியூவுக்கு அந்தக் கவலைதான் பெரிது.

வாலன்ஸ்டைன் பக்கம் பாருங்கள். லூட்ஸனில் அவரது இடது பக்கத்தை நடத்திய ஹோல்க் ஒரு லூதரன், அதாவது புராட்டஸ்டண்ட், டென்மார்க்காரர். 1628இல் ஸ்ட்ரால்சுண்ட் துறைமுகத்தை இதே வாலன்ஸ்டைனுக்கு எதிராகக் காத்து நின்றவர், பிறகு அவரிடமே வேலைக்குச் சேர்ந்தார். சாக்ஸனி லூதரனியத்தின் தாய்வீடு. ஆனால் 1620இல் பொஹீமியப் புராட்டஸ்டண்டுகளுக்கு எதிராகப் பேரரசரோடு நின்றது, 1631இல் ஸ்வீடன் பக்கம் வந்தது, 1635இல் மறுபடி பேரரசரோடு சமாதானம்.

அதற்காக மதம் வெறும் போர்வை என்று சொல்பவன் அல்ல நான். 1629இல் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் ஓர் ஆணை பிறப்பித்தார்: 1552க்குப் பிறகு புராட்டஸ்டண்டுகள் கைக்குப் போன திருச்சபைச் சொத்துகள் அனைத்தும் திரும்ப வேண்டும். மடங்கள், ஆயர் மாவட்டங்கள், நிலங்கள், அவற்றை நம்பி வாழ்ந்த ஊர்கள். எத்தனை குடும்பங்களின் சோறும் வழிபாடும் அந்த ஒரு தாளில் தொங்கியிருக்கும்! 1631 மே மாதம் மாக்டபர்க் நகரம் எரிந்து ஏறக்குறைய 20,000 பேர் மாண்ட பிறகு, அதுவரை தயங்கியவர்களும் ஸ்வீடனிடம் ஓடினார்கள். லூட்ஸனில் ஒரு பக்கம் "கடவுள் நம்மோடு" என்று முழங்கியது, எதிர்ப்பக்கம் "யேசு, மரியா" என்று முழங்கியது. முழங்கியவன் நடித்தான் என்று நான் நினைக்கவில்லை.

டென்மார்க் என்றதும் ஒரு சிறு விலகல். ஹோல்க் ஸ்ட்ரால்சுண்டில் சேவகம் செய்த அரசர் நான்காம் கிறிஸ்தியான். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டை எழும்பியது அவருடைய ஆட்சியில்தான். 1626இல் லுட்டர் என்ற இடத்தில் கத்தோலிக்கப் படையிடம் படுதோல்வி அடைந்தார். போர்ச் செலவில் டென்மார்க் நலிந்தது. 1669 வரை ஏறக்குறைய முப்பது ஆண்டு தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூடத் தரங்கம்பாடிக்கு வரவில்லை. இதைப் பற்றித் தனி இழை தொடங்கலாம், இங்கே வளர்க்கவில்லை.


தொல்லியல்மாணவி எழுதியது:

தளபதிகளின் பெயர்களே ஓடிக்கொண்டிருக்கும் இந்த இழையில் பெயரில்லாத 47 பேரைப் பற்றிப் பேச அனுமதி வேண்டும்.

2011இல் லூட்ஸன் வயல்வெளியில் தொல்லியலாளர்கள் ஒரு கூட்டுப் புதைகுழியைக் கண்டார்கள். அதை எலும்பு எலும்பாகப் பிரித்தெடுக்காமல் மண்ணோடு சேர்த்துப் பெரிய பாளங்களாக வெட்டித் தூக்கி, ஹல்லே நகருக்குக் கொண்டுபோய் ஆய்வு செய்தார்கள். உள்ளே 47 ஆண்கள். உடைகளோ காலணிகளோ பெரும்பாலும் மிஞ்சவில்லை, புதைப்பதற்கு முன்பே யாரோ உருவிவிட்டார்கள். ஒரு மேலங்கி அன்று நல்ல விலைக்குப் போகும் பொருள்.

என்னை உலுக்கியது காயங்கள்தான். ஈட்டியும் வாளும் மோதிய போர் என்று கற்பனை செய்கிறோம். ஆனால் இவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குண்டடிபட்டவர்கள், பலருக்குத் தலையில். கிடைத்த ஈயக் குண்டுகளில் பல, குதிரைவீரர்களின் கைத்துப்பாக்கிக்கும் குட்டைத் துப்பாக்கிக்கும் உரியவை. அதாவது, காலாட்களை எதிரிக் குதிரைப்படை திடீரென்று நெருங்கிச் சுட்டிருக்கிறது. புதைகுழி இருந்த இடத்தையும் சேர்த்துப் பார்த்து, இவர்களில் பெரும்பாலோர் ஸ்வீடனின் நீலப் படைப்பிரிவினராக இருக்க வேண்டும் என்கிறார்கள். மலைக்கோட்டையார் முதல் பதிவில் ஒரே வரியில் கடந்துபோன பிரிவு.

இன்னொன்று. பலருடைய எலும்புகளில் ஆறிப்போன பழைய காயங்கள். ஏற்கெனவே எங்கோ வெட்டுப்பட்டு, பிழைத்து, மறுபடி அணியில் நின்றவர்கள். பதின்வயதில் இருந்தவர்களும் உண்டு. பற்களின் வேதியியலை வைத்துப் பார்த்தால் சிலர் ஸ்காண்டிநேவியாவில் வளர்ந்தவர்கள், மற்றவர்கள் வேறு வேறு நிலங்களில். ஸ்வீடன் படை என்று நாம் அழைப்பதில் பெரும்பாலோர் கூலிக்குச் சேர்ந்த ஜெர்மானியர்கள் என்பது தெரிந்ததே.

யார் வென்றார்கள் என்ற விவாதத்தை நானும் ஆர்வத்தோடுதான் படிக்கிறேன். க்னிப்ஹவுசன் அளந்து அனுப்பினார் என்று எழுதும்போது அவர் எதை அளந்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.


மலைக்கோட்டையான் எழுதியது:

தொல்லியல்மாணவி, உங்கள் பதிவு இந்த இழைக்குக் கிடைத்த பெரிய கொடை. நீலப் படைப்பிரிவைப் பற்றி நீங்கள் சொன்னது என் வாதத்தின் நடுவே இருக்க வேண்டிய செய்தி. பனிக்குள்ளிருந்து குதிரைப்படை பாய்ந்த அந்த நிமிடத்தில் முதல் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் இடையே எவ்வளவு வெளி இருந்தது, உதவி ஏன் எட்டவில்லை என்பதையெல்லாம் அந்த எலும்புகளை வைத்தே கேட்க வேண்டும்.


கருவூலம் எழுதியது:

நெல்லைச்சீமை, தொல்லியல்மாணவி இருவருக்கும் நன்றி. மலைக்கோட்டையாரிடம் மட்டும் வழக்கு பாக்கி இருக்கிறது.

வாலன்ஸ்டைன் அதன் பிறகு 1633 பிப்ரவரியில் பிராக் நகரில் தன் அதிகாரிகள் பலரைக் களத்தை விட்டு ஓடிய குற்றத்துக்காக மேடை போட்டுத் தலை வெட்டச் செய்தார். தண்டனை பெற்றவர்களில் பெரும்பாலோர் குதிரைப்படையினர். அவர் கண்ணில் அந்த நாள் கைக்கு வந்து நழுவியது, நழுவவிட்டவர்கள் இவர்கள். தோற்கடிக்கப்பட்டேன் என்று அவர் நினைக்கவில்லை, ஏமாற்றப்பட்டேன் என்று நினைத்தார். ஓடாமல் நின்றிருந்தால் க்னிப்ஹவுசனின் இரண்டாம் வரிசைக்கு நீங்கள் சூட்டும் மாலை இருந்திருக்காது. ஒருவரின் திறமை என்று நீங்கள் சொல்வது, பாதி எதிரணியின் ஓட்டம்.

அடுத்தது, விளைவு. அரசரின் மகள் கிறிஸ்தினாவுக்கு அப்போது ஆறு வயதுகூட நிறையவில்லை. ஆட்சி முதலமைச்சர் ஆக்செல் ஊக்சன்ஷர்னாவின் தோளில் விழுந்தது. 1633இல் ஹைல்பிரான் நகரில் தென் ஜெர்மன் புராட்டஸ்டண்டுகளைச் சேர்த்து ஒரு கூட்டணி அமைத்தார். சாக்ஸனி அதில் சேரவில்லை. அரசரின் ஆளுமையால் ஒட்டியிருந்த அணி அவர் போனதும் விரிசல் கண்டது. இதை ஸ்வீடனின் வெற்றி என்று எப்படி எழுதுவது?


மலைக்கோட்டையான் எழுதியது:

எதிரி ஓடினான் என்பது உண்மைதான் ஐயா. ஓட்டம் இரண்டு பக்கமும் இருந்தது. ஒரு பக்கத்தில் ஓடியவர்களைத் தடுத்து அணிசேர்க்க ஒரு வரிசை இருந்தது, மறுபக்கத்தில் இல்லை. அந்த வேறுபாட்டைத்தான் சொல்கிறேன்.

க்னிப்ஹவுசன் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிழக்கு ஃபிரீசியாவைச் சேர்ந்தவர், லூட்ஸனின்போது ஐம்பதை நெருங்கியவர். 1631இல் நொய்பிராண்டன்பர்க் நகரைச் சிறிய காவற்படையோடு டில்லிக்கு எதிராகக் காத்து நின்றார். நகரம் விழுந்தபோது அவர் ஆட்களில் பெரும்பாலோர் வெட்டப்பட்டார்கள், அவர் சிறைப்பட்டார். சேமப்படை இல்லாமல் நிற்பது எப்படிப்பட்டது என்று அங்கே அனுபவித்தவர். லூட்ஸனில் அவர் இரண்டாம் வரிசையைக் கஞ்சத்தனமாகக் கையாண்டதற்கு அந்த நாளும் காரணம் என்பது என் ஊகம். 1633 ஜூலையில் ஹெஸ்ஸிஷ் ஓல்டன்டார்ஃபில் பிரன்ஸ்விக் லூனபர்க் கேயார்க் பிரபுவோடு சேர்ந்து பேரரசுப் படையைச் சிதறடித்தார். 1636 ஜனவரியில் ஹாசல்யூன் அருகே ஒரு சண்டையில் மாண்டார்.

இப்போது 1634 செப்டம்பர், நோர்ட்லிங்கனைப் பாருங்கள். அதே பெர்ன்ஹார்ட், கூடவே ஸ்வீடன் தளபதி குஸ்தாவ் ஹோர்ன். க்னிப்ஹவுசன் இல்லை. ஆல்புக் மேட்டின் மீது ஹோர்ன் திரும்பத் திரும்ப மோதி ஆட்களை இழந்தார். பின்வாங்கும்போது பெர்ன்ஹார்டின் பகுதி உடைந்து ஹோர்னின் ஆட்கள் மேலேயே விழுந்தது. தாங்கிப் பிடிக்கும் வரிசை அங்கே இல்லை. ஹோர்ன் சிறைப்பட்டார், ஸ்வீடன் படை அழிந்தது. தென் ஜெர்மனி முழுக்கப் பறிபோனது, மறு ஆண்டே பிரான்ஸ் நேரடியாகப் போரில் இறங்க வேண்டியதாயிற்று.


கருவூலம் எழுதியது:

நோர்ட்லிங்கனில் ஸ்பெயின் இளவரசர் கார்டினல் இன்ஃபாந்தேயின் படை வந்து சேர்ந்ததால் எதிரணி எண்ணிக்கையில் தெளிவாக விஞ்சி நின்றது. ஆல்புக் மேட்டைக் காத்தவர்கள் ஸ்பெயினின் தேர்ந்த காலாட்கள். க்னிப்ஹவுசன் இருந்திருந்தால் தோல்வி கொஞ்சம் ஒழுங்காக இருந்திருக்கும், தோல்வி தோல்விதான். ஆனால் ஓல்டன்டார்ஃபைப் பற்றி நீங்கள் சொன்னது என்னை யோசிக்க வைக்கிறது. அந்தப் போரின் அணிவகுப்பை விரிவாக எழுதுங்கள், அங்கே அவர் சேமப்படையை எப்படி நிறுத்தினார் என்று பார்த்துவிட்டு லூட்ஸனுக்குத் திரும்பி வருகிறேன்.